கணவன்வழி நாடு

1935ஆம் ஆண்டு ஜூன் 15. இங்கிலாந்தின் லெட்பரி என்னும் சிற்றூரில் ஒரு பதிவுத் திருமணம். மணமகன் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன். மணமகள் எரிகா மன். ஜெர்மானிய நாவலாசிரியர் தாமஸ் மன்னின் மூத்த மகள். இருவருக்கும் அதற்குமுன் அறிமுகமே இல்லை. சேர்ந்து இல்லறம் நடத்தும் எண்ணமும் இல்லை. ‘மிளகு ஆலை’ என்று பொருள்படும் பெயரில் எரிகா நடத்திய அங்கத நாடகக் குழு நாஜிகளின் கோபத்துக்கு ஆளாகியிருந்தது. அந்த ஜூன் மாதத்திலேயே அவருடைய ஜெர்மானியக் குடியுரிமை பறிக்கப்பட்டது. எரிகா முதலில் அணுகியது எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட்டை. அவர் மறுக்கவே, ஆடன் முன்வந்தார். திருமணப் பதிவேட்டில் கையெழுத்திட்ட அன்றே எரிகா பிரித்தானியப் பிரஜை ஆனார்.

ஆடனைப் பற்றிப் பேசும் நண்பர்கள் இதை ஒரு சுவையான துணுக்காகச் சொல்வதுண்டு. நாமும் அப்படித்தான் சொல்லி வந்தோம். ஒரே நாளில் ஒருவருக்கு நாடு கிடைக்கச் செய்த சட்டம் எது என்று நாம் கேட்டதில்லை. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால், அயல்நாட்டு வாழ்க்கைத் துணைகளை ஐரோப்பா எவ்வாறு நடத்தியது என்ற இருநூறு ஆண்டு வரலாறு நம்முன் விரிகிறது.

1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு, மனைவி கணவனின் நிலையையே பின்பற்றுவாள் என்றது. பிரெஞ்சுக்காரரை மணந்த அயல்நாட்டுப் பெண் பிரெஞ்சுக்காரி ஆவாள். அயல்நாட்டாரை மணந்த பிரெஞ்சுப் பெண் அன்னியள் ஆவாள். பிரிட்டன் இவ்விதியின் முதற்பாதியை 1844இலும் மறுபாதியை 1870இலும் ஏற்றுக்கொண்டது. பிறந்த வீடு, புகுந்த வீடு என்று நாம் குடும்பத்தளவில் பேசுவதை ஐரோப்பா நாட்டளவில் சட்டமாக்கி வைத்திருந்தது எனலாம்.

மறுபாதியின் கொடுமை 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது வெளிப்பட்டது. ஜெர்மானியரை மணந்திருந்த ஆங்கிலப் பெண்கள், பிறந்த ஊரை விட்டு ஒருநாளும் நீங்காதவர்கள்கூட, ‘பகைநாட்டு அன்னியர்’ ஆயினர். காவல்துறையிடம் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டியவர் ஆயினர். இவர்களை வெளியே தள்ளியதும் பின்னாளில் எரிகாவைக் காத்ததும் ஒரே கோட்பாடுதான். பெண்கள் இயக்கங்களின் நெடிய போராட்டத்துக்குப் பின், 1949 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால்தான் பிரித்தானியப் பெண்ணின் குடியுரிமை திருமணத்தின் பிடியிலிருந்து விடுபட்டது. 1957இல் ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கையும் இதையே வலியுறுத்தியது.

குடியுரிமை பெண்ணுக்கே உரியது என்றான பிறகும் ஒரு வினா எஞ்சியது. அவள் தன் கணவனை அழைத்து வரலாமா? மனைவி வந்தால் வீட்டைப் பார்த்துக்கொள்வாள், கணவன் வந்தால் வேலையைப் பறிப்பான் என்பது அதிகாரிகளின் கணக்கு. ஆகவே ஆண் தன் மனைவியை அழைத்துவரத் திறந்த கதவு, பெண் தன் கணவனை அழைத்துவர முயன்றபோது திறக்கவில்லை. மணமகள்களுக்கும் அந்தக் கதவு மரியாதையோடு திறந்ததாகச் சொல்வதற்கில்லை. 1979 ஜனவரியில், திருமணத்துக்காக இந்தியாவிலிருந்து ஹீத்ரோ விமான நிலையம் வந்திறங்கிய ஓர் ஆசிரியைக்குக் கன்னித்தன்மைச் சோதனை நடத்தப்பட்டது. செய்தி வெளிவந்து கண்டனம் எழுந்த பின்னரே அச்சோதனைக்குத் தடை வந்தது.

மலாவி, பிலிப்பைன்ஸ், எகிப்து ஆகிய நாடுகளில் பிறந்து பிரிட்டனில் சட்டப்படி வாழ்ந்த மூன்று பெண்கள், தம் கணவர்களுக்காக ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். நாட்டில் நிலவும் வேலையில்லாத் திண்டாட்டத்தைக் காரணம் காட்டியது பிரித்தானிய அரசு. இது பாலினப் பாகுபாடே என்று 1985 மே 28 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு பணிந்தது, பணிந்த விதம்தான் விந்தை. கணவர்களுக்கு இருந்த தடைகளை நீக்காமல், அவற்றை மனைவியருக்கும் விரித்தது. பிரிட்டனுக்குள் நுழைவது தம் திருமணத்தின் முதன்மை நோக்கம் அன்று என்று இருபாலாரும் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. இந்தியத் துணைக்கண்டத்துக் குடும்பங்களை வாட்டிய அவ்விதி 1997இல்தான் நீங்கியது. சமத்துவம் வந்தது; ஆனால் இருவருக்கும் கொடுத்து வரவில்லை, இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டு வந்தது.

வேறொரு திசையிலிருந்து ஒரு வாசல் திறந்தது. இந்தியரான சுரிந்தர் சிங் தம் பிரித்தானிய மனைவியுடன் ஜெர்மனியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர். இவ்வாறு வேறோர் உறுப்பு நாட்டில் உழைத்துத் திரும்புவோர், எந்த நாட்டவராயினும் தம் துணையை உடன் அழைத்து வரலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1992இல் அவர் வழக்கில் கூறியது. 2004ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை, ஒன்றியத்துக்குள் இடம்பெயரும் குடிமக்களின் துணைகளுக்கு வேலை செய்யும் உரிமையையும், ஐந்தாண்டு வசித்தபின் நிரந்தர வதிவிட உரிமையையும் உறுதிசெய்தது. ஆனால் சொந்த நாட்டைவிட்டு நகராத குடிமகனுக்கு அது பொருந்தாது. விளைவாக, இலண்டனில் வாழும் ஜெர்மானியருக்குக் கிடைத்த சலுகை அவ்வூரிலேயே பிறந்தவருக்குக் கிடைக்கவில்லை. தம்பதியர் இருவருக்கும் 24 வயது நிரம்ப வேண்டும் என்று டென்மார்க் 2002இல் விதித்தபோது, டேனிய இளைஞர் பலர் பாலத்தைக் கடந்து சுவீடனின் மால்மோவில் குடியேறினர். வேலைக்கு மட்டும் கோபன்ஹேகனுக்கு வந்து போயினர். பிரிட்டனோ 2020இல் ஒன்றியத்தை விட்டே விலகிவிட்டது.

இப்போது லெட்பரிக்குத் திரும்புவோம். துணையை அழைக்கும் பிரித்தானியர் ஈட்டவேண்டிய ஆண்டு வருமானம் 2012இல் 18,600 பவுண்டு என வகுக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் 29,000 ஆக உயர்த்தப்பட்டது. நிரந்தர வதிவிட உரிமைக்கான காத்திருப்பு 2012இல் ஐந்தாண்டாக நீண்டது. இருவரும் முன்பே நேரில் சந்தித்திருக்க வேண்டும்; உறவு உண்மையானதாக இருக்கவேண்டும்; சேர்ந்து வாழும் எண்ணமும் வேண்டும். எரிகா இவற்றில் எதைக் காட்டியிருப்பார்?

பெண்ணைக் கணவனின் நிழலாகக் கருதிய சட்டம் அவரைக் காப்பாற்றியது. அவரைத் தனி மனுஷியாக மதிக்கும் சட்டம் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும். பழைய சட்டமே நல்லது என்று இதற்குப் பொருளில்லை. 1914இன் அந்த ஆங்கிலப் பெண்களை நாம் மறந்துவிடலாகாது. கணவனின் கையில் இருந்த அதிகாரம் மனைவியிடம் வந்து சேராமல் அரசின் மேசைக்குப் போய்விட்டதே என்பதுதான் நம் வருத்தம்.

எரிகா 1969இல் சூரிச்சில் மறைந்தார். இறக்கும் வரையில், ஏட்டளவில், அவர் ஆடனின் மனைவியாகவே இருந்தார்.