ஒரே மருந்து, வேறு வேறு உடம்பு – சேத்துப்பட்டிலிருந்து ஆஸ்துமா இன்ஹேலர் வரை

ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இழுப்பு இருக்கும். டாக்டர் இருவருக்கும் ஒரே இன்ஹேலரைத்தான் எழுதித் தருவார். அண்ணனுக்கு இரண்டு முறை இழுத்ததும் மூச்சு சீராகிவிடும். தங்கைக்கோ அரை மணி நேரம் கழிந்தும் நெஞ்சில் விசில் சத்தம் நிற்காது! திருவேங்கடத்திலும் இதே கதைதான், டொராண்டோவிலும் இதே கதைதான். மருந்தைச் சரியாக இழுக்கத் தெரியாதது, வீட்டுத் தூசி, அடுப்புப் புகை என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று பிறவியிலேயே வருவது. அதுதான் மரபணு.

மருந்து வேலை செய்வதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்ற அறிவு வளர்ந்த வரலாற்றில் சென்னைக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. ஆனால் அது ஆஸ்துமாவில் அல்ல, காசநோயில்.

1952-ல் ஐசோனியாசிடு என்ற மாத்திரை காசநோய்க்கு வந்தது. விலை மலிவு, வேலையும் நன்றாகச் செய்தது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து இதை அமைத்தன. முதலில் தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் காசநோய் குணமாகும் என்று அப்போது நம்பப்பட்டது. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான் என்று 1959-ல் இந்த மையம் காட்டியது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இது ஒரு பெரிய காரணம். (இதை நம் பாடப்புத்தகங்களில் தேடினாலும் கிடைக்காது என்பது வேறு விஷயம்.)

அடுத்து வந்ததுதான் நம் கதை. ஒரே அளவு ஐசோனியாசிடு சாப்பிட்ட நோயாளிகளில் சிலரின் இரத்தத்தில் மருந்து பல மணி நேரம் தங்கியது. வேறு சிலருக்கு விறுவிறுவென்று குறைந்தது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி இந்த மருந்தோடு அசிட்டைல் என்ற துணுக்கை ஒட்டிச் செயலிழக்கச் செய்கிறது. அந்த நொதி சிலருக்கு வேகம், சிலருக்கு மந்தம். 1960-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடத்திய ஆய்வில் டேவிட் பிரைஸ் இவான்ஸ் குழுவினர் 53 குடும்பங்களை ஆராய்ந்து, இந்த வேகம் பெற்றோரிடமிருந்து மெண்டல் சொன்ன விதிப்படியே பிள்ளைகளுக்கு வருகிறது என்று நிரூபித்தனர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெர்மானியரான ஃப்ரீட்ரிக் ஃபோகல் இந்தத் துறைக்கு பார்மகோஜெனடிக்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்.

சென்னை மையத்தில் கங்காதரம், செல்கான், ராதாகிருஷ்ணா போன்றோர் நோயாளிகளின் இரத்தத்தில் மருந்தை அளந்தார்கள். அளக்கும் முறையே வேடிக்கையானது. எந்தக் கிருமியை மருந்து கொல்ல வேண்டுமோ, அந்தக் கிருமியை வைத்தே மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்! தென்னிந்திய நோயாளிகளில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் மந்த வகை என்று தெரிந்தது. ஜப்பானியர்களில் இது 10 சதவீதம் அளவுதான்.

இது வெறும் கணக்கு இல்லை. மந்த வகையினருக்கு மருந்து அதிக நேரம் தங்கியதால் கிருமி நன்றாகவே செத்தது. ஆனால் அதிக அளவு கொடுத்தபோது கை கால் மரத்துப் போகும் நரம்புக் கோளாறும் இவர்களையே அதிகம் பிடித்தது. வைட்டமின் பி6 கொடுத்துத்தான் அதைச் சமாளித்தார்கள். வேக வகையினருக்கு நரம்புத் தொல்லை குறைவு, நோய் குணமாகாமல் போகும் ஆபத்து அதிகம். தினக்கூலிக்காரர் தினமும் மருத்துவமனைக்கு வர முடியாது என்று, வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் முறையை மையம் சோதித்தபோது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. வேக வகையினர் பின்தங்கினர். வாரம் இருமுறை கொடுத்தபோது இரு வகையினருமே தேறினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஏழை நாட்டில் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சோதித்து ஆளுக்கொரு அளவு கொடுப்பது நடக்காத காரியம். அதனால் இரு வகை உடம்புக்கும் ஒத்துப்போகிற முறையைத் தேடினார்கள். இதுதான் சரியான முடிவு என்றே தோன்றுகிறது. பிறகு ரிஃபாம்பிசின் வந்ததும் இந்த வித்தியாசத்தின் முக்கியத்துவம் குறைந்தது.

ஆஸ்துமாவுக்கு வருவோம். சால்பியூட்டமால் மூச்சுக்குழல் தசையில் உள்ள பீட்டா-2 ஏற்பியில் போய் ஒட்டி, இறுகிய தசையைத் தளர்த்துகிறது. அந்த ஏற்பி 413 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 16-வது இடத்தில் சிலருக்கு ஆர்ஜினின், சிலருக்கு கிளைசின் இருப்பது 1993-ல் தெரிய வந்தது. இரு பெற்றோரிடமிருந்தும் ஆர்ஜினின் வகையைப் பெற்றவர்கள் இந்த மருந்தைத் தினமும் வேளை தவறாமல் எடுத்தால், எடுக்காதபோது இருந்ததை விட மூச்சின் வேகம் குறைந்தது என்று 2004-ல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. பெரும் பரபரப்பு! இனி எல்லோரும் மரபணு சோதனை செய்துகொண்டுதான் இன்ஹேலர் வாங்க வேண்டுமோ என்று பேச்சு கிளம்பியது.

2009-ல் வந்த அடுத்த ஆய்வு அதை அடக்கிவிட்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த, நீண்ட நேரம் வேலை செய்யும் சால்மெடரால் மருந்தை ஸ்டீராய்டு இன்ஹேலரோடு சேர்த்துக் கொடுத்தபோது இரு வகையினருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைத்தது. ஸ்டீராய்டு எல்லோருக்கும் ஒரே அளவு வேலை செய்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஜி.எல்.சி.சி.ஐ.1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் அதன் பலனைக் குறைக்கிறது என்று 2011-ல் ஒரு ஆய்வு வெளியானது. தியோஃபிலின் மாத்திரையின் கதை இன்னும் சிக்கல். அதை உடைக்கும் கல்லீரல் நொதியின் வேகத்தை மரபணுவும் தீர்மானிக்கிறது, பீடி சிகரெட்டும் தீர்மானிக்கிறது. புகைப்பவர் உடம்பில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். அவர் திடீரென்று புகையை விட்டால், அதே மாத்திரை அளவே அதிகமாகிப்போகும்.

மரபணுவைச் சோதித்து ஆஸ்துமா மருந்தைத் தேர்ந்தெடுப்பது இன்றும் வழக்கத்துக்கு வரவில்லை. 2019-ல் ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதலான ஜினா, சால்பியூட்டமால் போன்ற உடனடி நிவாரணியை மட்டும் தனியாகக் கொடுக்கும் பழைய முறையைக் கைவிட்டது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரைப் பரிந்துரைத்தது. 16-வது இடத்தில் ஆர்ஜினின் இருந்தாலும் சரி, கிளைசின் இருந்தாலும் சரி, எல்லோருக்கும் அதே பரிந்துரைதான்.