ஆரோக்கியவரமும் காசநோய் அறிவும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில், "அவர் மதனப்பள்ளிக்குப் போயிருக்கிறார்" என்னும் சொல் ஒரு காலத்தில் தாழ்ந்த குரலிலேயே வழங்கியது. எதற்காகப் போனார் என்று எவரும் கேளார். கேட்டாலும் "மார்ச்சளி" என்ற விடைதான் வரும். பெண்ணுக்கு வரன் தேடும் வீடாயின் அந்த விடையும் வாராது. சொல்லத் துணியாத அந்நோய் காசநோய். போன இடம் ஆரோக்கியவரம்.

1911-ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டின் ஒரு பகுதியையும் கடப்பையின் ஒரு பகுதியையும் இணைத்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தபோது, கடப்பையிலிருந்து வந்து சேர்ந்தது மதனப்பள்ளி. (2022-இல் அது சித்தூரினின்றும் பிரிந்தது.) ஏறத்தாழ 2,300 அடி உயரத்தில் உள்ள வறண்ட மேட்டு நிலம். மருந்தில்லாத நோய்க்கு நல்ல காற்றே மருந்து என்று கருதிய காலத்தில், கிறித்துவ மிஷன்கள் பல ஒன்றுகூடி அவ்வூருக்கு அருகே ஒரு சானடோரியத்தை நிறுவின. 1915-இல் அது திறக்கப்பட்டது. டென்மார்க் நாட்டிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லர் அதன் முதல் தலைமை மருத்துவர். தமிழ்நாட்டு நோயாளர் காட்பாடி வழியாகப் பாகாலாவுக்கு வந்து, தருமாவரம் செல்லும் மீட்டர் கேஜ் வண்டியில் மதனப்பள்ளி ரோடு நிலையத்தில் இறங்குவர். ஊர் அங்கிருந்து இன்னும் சில கல் தொலைவு. இருமிக்கொண்டே செய்த அந்தப் பயணம் எளிதன்று.

காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மன் அறிஞர் 1882-இலேயே கண்டறிந்து உலகுக்கு அறிவித்துவிட்டார். ஆனால் அதனைக் கொல்லும் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில், எதிரி யாரென்று தெரியும். அடிக்கக் கையில் கோல் இல்லை. அந்த அறுபது ஆண்டுகளே இக்கட்டுரையின் பொருளுக்கு உரியவை. மருத்துவர் ஒரு நாளில் சில நிமிடம் வந்து பார்ப்பார். நோயோ நாள் முழுதும் உடனிருக்கும். ஆதலால் நோயாளியே தன் நோயை அறிந்து நடந்தாலன்றிப் பிழைப்பது அரிது என்பதைச் சானடோரிய மருத்துவர்கள் உணர்ந்தனர்.

அங்கே தங்கியிருந்த முதியவர் ஒருவர் நம் சங்கத்துக்கு வந்து போவதுண்டு. தர்மாமீட்டரை உதறிப் பாதரசத்தை இறக்கும் கைப்பழக்கம் அவரை இறுதிவரை விடவில்லை. காலையில் சாதாரணமாக இருக்கும் உடற்சூடு மாலையில் சிறிது ஏறுமாயின், அன்று நடந்தது மிகுதி என்று பொருள். மறுநாள் நடையைக் குறைக்கவேண்டும். நாடித் துடிப்பும் எடையும் அவ்வாறே குறிப்பில் ஏறும். "உலாவப் போகாதே" என்று ஒருவர் தடுப்பதைவிட, தாமே எழுதிய எண் தடுப்பது மேல் என்பார் அவர். சளியை மூடியுள்ள கிண்ணத்திலேயே துப்பவேண்டும்; பின்னர் அதனை அழித்துவிட வேண்டும். கிருமி காற்றில் பரவும் வகையை அறிந்தவர்க்கு இது சடங்காகத் தோன்றாது. விலாவுக்கும் நுரையீரலுக்கும் இடையே காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருக்கும் முறை அக்காலத்தில் இருந்தது. முறிந்த எலும்புக்குச் சிம்பு வைத்து அசையாமல் கட்டுவது போன்றது அது என்று விளங்கிக்கொண்டவர் ஊசிக்கு அஞ்சாமல் படுத்தனர்.

பின்னர் மருந்துகள் வந்தன. ஸ்ட்ரெப்டோமைசினைத் தொடர்ந்து பாஸ் என்பதும், 1952-இல் ஐசோனியசிட் என்னும் மலிவான மாத்திரையும் வழக்கத்துக்கு வந்தன. படுக்கைகளோ நோயாளருள் சிறு பகுதியினர்க்கும் போதா. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன என்ற கேள்விக்கு விடை காண 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நகரத்து ஏழை நோயாளர் 193 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். சானடோரியத்துக்குச் சென்றோர் ஒரு சாரார். வீட்டிலிருந்தோர் மற்றொரு சாரார். மருந்து இருவர்க்கும் ஒன்றே. சானடோரியத்தில் இருந்தவர்க்கு உணவும் ஓய்வும் மிகுதி. எனினும் ஓராண்டின் முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒத்த அளவிலேயே தேறினர். வீட்டில் வைத்ததனால் உடனிருந்தோர்க்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் இம்முடிவு வெளியானபின், உலகெங்கும் சானடோரியங்களின் காலம் மெல்லக் கழியலாயிற்று. மதனப்பள்ளி மலைக்காற்றின் புகழைச் சென்னைச் சேரியின் குடிசை வென்றது என்று சொல்ல நமக்குச் சற்றுத் தயக்கந்தான். ஆயினும் உண்மை அதுவே.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து. இரண்டு மாதத்தில் காய்ச்சலும் இருமலும் நின்றதும், நோய் போயிற்று என்று பலர் மருந்தை நிறுத்தினர். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணியும், சிறுநீரைச் சோதித்தும் சென்னை மருத்துவர்கள் இதனைக் கண்டறிந்தனர். கண்ணெதிரே விழுங்கச் செய்யும் முறை இதன் விளைவாகவே பிறந்தது. அம்முறையை நாம் குறை கூறவில்லை. எனினும் நோய்க்குறி மறைவது வேறு, கிருமி மாள்வது வேறு என்பதை நோயாளிக்கு எடுத்துச் சொல்லாமல் காவல் மட்டும் போட்டால், காவலர் திரும்பியதும் மாத்திரை சன்னலுக்கு வெளியே போகும். பாதியில் நிறுத்தியவனின் உடலில் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகவும் மாறக்கூடும்.

சாதாரணக் காசநோய்க்கு இன்று ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. சோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றன. மார்ச்சளி என்று மறைக்கும் வழக்கமோ நம் குடியிருப்புகளில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளியைச் சோதிக்கக் கொடுக்கவேண்டும் என்பது விதி. அந்த முதியவர் இதனைச் சங்கத்தில் எழுந்து சொன்னபோது, தாம் மதனப்பள்ளியில் இருந்ததையும் சேர்த்தே உரக்கச் சொன்னார்.