இருமொழிக் கல்வியும் வட்டுக்கோட்டைச் செமினரியும்

வீட்டிலே ஒரு மொழி பேசும் மாணாக்கனுக்குப் பிறிதொரு மொழியிற் படிக்கவும் எழுதவும் கற்பிக்குமாறு யாது என்னும் வினா புதியதன்று. யாழ்ப்பாணத்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அது எழுந்தது. விடைகளும் நடைமுறையிற் சோதிக்கப்பட்டன.

அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் மணலில் விரலால் எழுதிப் பழகிப் பின்னர் ஏடும் எழுத்தாணியும் கைக்கொண்டனர். நிகண்டும் நீதிநூல்களும் மனனஞ் செய்யப்பட்டன. ஓசை முன்னும் பொருள் பின்னுமாக அமைந்த இம்முறை சொல்வளத்தைத் தந்தது. ஆயின் முன்னறியாத பகுதியைத் தானே வாசித்துப் பொருள் காணும் பயிற்சிக்கு அதில் இடம் குறைவு.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். அதன் முதல் அதிபர் தானியேல் பூர். கணிதம், வானசாத்திரம் முதலியன ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. எனினும் தமிழிலக்கணமும் இலக்கியமும் கைவிடப்படவில்லை. ஒரு மொழியிற் கற்றதை மற்றொன்றில் எடுத்துரைக்க வல்லார் அங்கு உருவாயினர். 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ தமிழும் ஆங்கிலமும் கலந்து வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர்களாகிய ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் செமினரியிற் கற்றவர்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கு பயின்றவர்களே. அவருள் முன்னையவர் பிற்காலத்துப் பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்தமை ஆங்கிலக் கல்வி தமிழறிவை அழித்துவிடவில்லை என்பதற்குத் தக்க சான்றாகும்.

ஆயினும் 1855இல் செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் முதலியோர், ஆங்கிலங் கற்றோர் சமயப்பணியை விடுத்து அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர் எனக் கண்டு, தாய்மொழிக் கல்வியையே வற்புறுத்தினர். இங்கே தோற்றது கற்பித்தல் முறையன்று. கற்பித்தோர் நோக்கமும் கற்றோர் நோக்கமும் வேறுபட்டமையே முடிவுக்குக் காரணம்.

1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வேறொரு வழியைக் காட்டினார். முதலில் ஆங்கிலத்தில் வைத்தியம் போதித்த அவர் 1864 முதல் தமிழிற் போதிக்கலானார். தமிழ்ச்சொல் உள்ளவிடத்து அதனையும், இல்லாதவிடத்து வடசொல்லையும், இரண்டும் இல்லாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்திலும் வழங்கினார். ‘இரண வைத்தியம்’ 1867இலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் அச்சேறின. இந்நூல்களுக்குத் துணைநின்ற தமிழரோ ஆங்கிலத்தையும் கற்றவர்கள். இருமொழி வல்லார் இன்றேல் தமிழ்மொழிப் போதனையும் நிகழ்ந்திராது.

ஆகவே ஒரு மொழியை வளர்க்க மற்றொன்றை வகுப்பிலிருந்து விலக்குதல் வேண்டுவதன்று. மாணாக்கன் தன் மொழியிற் பொருளைத் தெளிக. அதனையே மற்ற மொழியில் வாசித்து ஒப்பிடுக. பின்னர் இரண்டிலும் தன் சொற்களால் எழுதுக. ஒரு மொழியில் அவன் பெற்ற தெளிவு மற்ற மொழிக்கு முதலாகும். முதலைப் பறித்து வாணிபஞ் செய்யச் சொல்லுதல் அறிவுடைமையாகாது.