கூரை மேல் கம்பிகள்: இராமநாதபுரம் கடற்கரையில் ஆன்டெனாவும் அதன் விதிகளும்

மாரியூர், இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் சாயல்குடிக்கு அருகே மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஊர். பூவேந்தியநாதர் கோயிலாலும், வாலிநோக்கத்தை ஒட்டிப் பரந்துள்ள அரசு உப்பளங்களாலும் அறியப்படுவது. இவ்வூரிலிருந்து சென்னை 450 கி.மீ.க்கும் அதிகத் தொலைவில் இருக்கிறது. இலங்கையின் மிக உயரமான சிகரமான பிதுருதாலகால அதைவிட அருகில், ஏறத்தாழ 340 கி.மீ. தொலைவில், பெரும்பாலும் கடலுக்கு அப்பால் உள்ளது. இப்பகுதியின் ஆன்டெனா வரலாறு இந்த நிலவியல் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

வானொலிக் காலம்

தொலைக்காட்சிக்கு முன்பே இக்கரையின் காதுகள் தெற்கு நோக்கித் திரும்பியிருந்தன. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இங்கு உள்ளூர் நிலையம் போலவே கேட்டது. ஆனால், கேட்பதற்கு உரிமம் வேண்டும். 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்தித் தொடர்பு முழுவதையும் அரசின் தனியுரிமையாக்கியது. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஒரு படி மேலே சென்று, கம்பியில்லாக் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி, உரிமப் புத்தகத்தில் அதைப் பதிந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சிக்கும் இதே முறை நீண்டது; 1980-களின் நடுவில்தான் கைவிடப்பட்டது. ஆகவே, இந்தியாவில் ஆன்டெனா பற்றிய முதல் விதியை எழுதியது வீட்டு உரிமையாளர் சங்கமோ நகராட்சியோ அல்ல, தந்தித் துறை. கூரையின் அழகு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. வானலையில் யார் என்ன செய்கிறார்கள் என்பதே அதன் கவலை.

ரூபவாகினியை நோக்கி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் அலைகள் தென்கடற்கரையை எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பானிய உதவியுடன் இலங்கையின் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, இராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் கரைகளில் பெட்டி வாங்க வசதி உள்ளவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. 2,524 மீட்டர் உயர மலையுச்சியில் வைத்த ஒளிபரப்பிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வரை தடையில்லாத் தொடுவானம் உண்டு. அதற்கு அப்பால் உள்ள ஊர்களுக்குக் கடலே துணைசெய்தது. வெப்பமான கடற்பரப்பின் மேல் ஈரப்பதமும் வெப்பநிலையும் அடுக்கடுக்காக மாறும்போது, மிகு அதிர்வெண் அலைகள் வானில் நழுவிப் போகாமல் நீர்ப்பரப்பை ஒட்டி வளைந்து நெடுந்தொலைவு செல்லும். காற்று அடங்கிய வெக்கையான நாட்களில் படம் தெளிவாக வருவதும், காற்றடித்த மறுநாள் புள்ளிகளாகச் சிதறுவதும் இதனால்தான்.

கடல் உதவினாலும் கம்பம் உயரமாக வேண்டியிருந்தது. 1926-இல் ஜப்பானின் தொகோகு பல்கலைக்கழகத்தில் உடாவும் யாகியும் உருவாக்கிய அலுமினியக் குழாய் ஆன்டெனாவே எங்கும் பயன்பட்டது. மொட்டை மாடி இருந்தால் அதன் மேல், ஓட்டு வீடானால் முற்றத்தில், நீண்ட இரும்புக் குழாயை நட்டு, மூன்று அல்லது நான்கு திசைகளில் இழுகம்பி கட்டி, உச்சியில் பூஸ்டர் பொருத்தினார்கள். தட்டையான இரட்டைக் கம்பி கீழே பெட்டிக்கு இறங்கும். ஒருவர் குழாயைத் திருப்ப, இன்னொருவர் வாசலில் நின்று 'போதும்' என்று கத்த, மூன்றாமவர் உள்ளே படத்தைப் பார்ப்பார். உப்புக்காற்றில் இழுகம்பியும் ஆணியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். புயல் மாதங்களில் கம்பம் சாய்வது வழக்கம்.

இங்கே எழுதப்பட்ட சங்க விதி எதுவும் கிடையாது. தனி வீடுகளும் பங்காளிகள் பிரித்துக்கொண்ட மனைகளும் உள்ள ஊர்களில், இழுகம்பியை அடுத்தவர் சுவரில் கட்டலாமா, கம்பம் விழுந்தால் யார் ஓடு உடையும், மின்வாரியக் கம்பிக்கு எவ்வளவு விலகி நட வேண்டும் என்பவையே கேள்விகள். அவற்றை அக்கம்பக்கத்தார் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். மின்கம்பியில் உரசும் இரும்புக் குழாய் உயிரைப் பறிக்கும் என்பதால், கடைசிக் கேள்விதான் மெய்யான விதி. மற்றவை மரியாதை சார்ந்தவை.

போர்க்காலத்தில் இக்கம்பிகளுக்கு வேறொரு நிழலும் விழுந்தது. ஈழப் போராளி இயக்கங்களின் கம்பியில்லாக் கருவிகள் தமிழ்நாட்டு வீடுகளில் இயங்கிய காலம் அது. 1986 நவம்பரில் சென்னையில் விடுதலைப் புலிகளின் தகவல்தொடர்புக் கருவிகளை மாநிலக் காவல்துறை கைப்பற்றியதும், அவற்றைத் திருப்பிக் கேட்டு வே. பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்ததும் பதிவாகியுள்ளன. அலையை வாங்கும் கம்பிக்கும் அலையை அனுப்பும் கம்பிக்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அது எளிதில் தெரியாது. அக்கரையிலும் இதே நிலைதான். முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்காவிலில் இருந்த ரூபவாகினி அஞ்சல் நிலையம், 1990 ஜூலையில் அதைக் காத்த இராணுவ முகாம் வீழ்ந்தபோது அழிந்தது.

இந்திய அரசு 1984-இல் நாளொன்றுக்கு ஒன்று என்ற வேகத்தில் சிறு ஒளிபரப்பிகளை நாடெங்கும் நிறுவியது. அவற்றின் எல்லை சுமார் 20 முதல் 25 கி.மீ. தான், நகரங்களுக்கு இடைப்பட்ட கடலோரச் சிற்றூர்களுக்கு அது போதவில்லை. பின்னர் 1990-களின் நடுவில் இராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது. இந்தியாவின் மிக உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் இது. அதற்குப் பிறகு கம்பத்தை இலங்கைப் பக்கம் திருப்ப வேண்டிய தேவை குறைந்தது.

சங்கங்களின் விதி எங்கிருந்து வந்தது

அடுக்குமாடி வீடுகள் பெருகிய நகரங்களில் கதை வேறு. அங்கே கூரை ஒருவருக்குச் சொந்தமன்று. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 1994, கூரையைப் பொதுப்பகுதியாகக் கொள்கிறது. இப்போது அதன் இடத்தில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. கர்நாடகத்தின் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய மாதிரித் துணைவிதிகளில், சங்கத்தின் அனுமதி இல்லாமல் கட்டடத்தின் வெளிப்புறத்திலோ கூரையைத் துளைத்தோ தொலைக்காட்சி ஆன்டெனா, குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றைப் பொருத்தக் கூடாது என்ற விதி இருக்கிறது. இது 1960-களில் அமெரிக்க நடுவண் வீட்டுவசதி நிர்வாகம் வெளியிட்ட மாதிரி விதிகளில் உள்ளதுதான், ஏறக்குறைய சொல்லுக்குச் சொல். பல வீடுகளில் தொலைக்காட்சியே இல்லாத காலத்தில் தொலைக்காட்சி ஆன்டெனாவுக்குத் தடை எழுதப்பட்ட விந்தைக்கு அதுவே விளக்கம்.

மூல ஊரான அமெரிக்காவிலேயே அவ்விதி பின்னர் வலுவிழந்தது. 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 207-ஆம் பிரிவின்படி நடுவண் தகவல்தொடர்பு ஆணையம் வகுத்த விதி அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு மீட்டர் அல்லது அதற்குக் குறைந்த விட்டமுள்ள டிஷ்ஷையும் சாதாரணத் தொலைக்காட்சி ஆன்டெனாவையும், ஒருவர் தம் தனிப் பயன்பாட்டில் உள்ள இடத்தில் வைப்பதைச் சங்கம் தடுக்க முடியாது என்றது அது. பாதுகாப்பு, பழம்பெரும் கட்டடப் பேணல் ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 1999-இல் வாடகைதாரரின் பால்கனிக்கும் இது விரிந்தது. பொதுக் கூரைக்கு மட்டும் விரியவில்லை.

ஐரோப்பாவில் இக்கேள்வி மொழியுரிமையாக உருமாறியது. ஸ்டாக்ஹோம் புறநகரில் வாடகைக்கு இருந்த ஈராக்கியக் குடும்பம் ஒன்று அரபு, பாரசீக மொழி நிகழ்ச்சிகளைப் பார்க்க டிஷ் வைத்ததற்காக வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 டிசம்பர் 16 அன்று, இது தகவல் பெறும் உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. இத்தகைய வாடகைக் குடியிருப்புகளிலேயே புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பலரும் வாழ்ந்ததால், செயற்கைக்கோள் வழித் தமிழ்த் தொலைக்காட்சியைப் பார்க்கும் அவர்களுக்கும் இத்தீர்ப்பு பொருந்தக்கூடியதே.

தடை நீங்கிய பிறகு

இந்தியாவில் அந்த உரிமை வேறு வழியில் பேசப்பட்டது. வானலைகள் பொதுச்சொத்து என்றும், தகவல் பெறுவது பேச்சுரிமையின் பகுதி என்றும் உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் கூறியது. ஆனாலும் 1997-இல் நடுவண் அரசு வீட்டுக்கு நேரடியாக வரும் செயற்கைக்கோள் ஒளிபரப்புக்குத் தடை போட்டது. 2000 நவம்பரில்தான் அதை நீக்க முடிவு செய்தது. இடைப்பட்ட காலத்தில் கேபிள்காரரின் பெரிய டிஷ் ஒன்றே தெரு முழுவதற்கும் ஆன்டெனாவாக இருந்தது. வீட்டுக்கொரு கம்பம் மறைந்து, தெருவுக்கொரு கம்பி வந்தது. மாதக் கட்டணமும் கூடவே வந்தது. 2011 முதல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தபோது, கடலோர ஊர்களில் எஞ்சியிருந்த உயரக் கம்பங்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

தூர்தர்ஷனும் தன் பழைய தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022-க்குள் நிறுத்திவிட்டது. இப்போது மாடியில் இருப்பது அறுபது சென்டிமீட்டர் அளவுள்ள தட்டு. அது நோக்குவது கடலுக்கு அப்பால் உள்ள மலையையல்ல, வானில் நிலநடுக்கோட்டின் மேல் நிற்கும் செயற்கைக்கோளை. நகரத்துச் சங்கங்களில் வழக்கும் இடம் மாறியிருக்கிறது: பொதுக் கூரையைக் கைப்பேசி நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டால் அந்தப் பணம் யாருக்கு, மேல்தளக்காரரின் சம்மதம் வேண்டுமா என்பவையே இன்றைய கூட்டங்களில் எழும் கேள்விகள். தனுஷ்கோடி முனையில் நிற்பவரின் கைப்பேசியில் மட்டும் அவ்வப்போது இலங்கை நிறுவனத்தின் சிக்னல் வந்து விழுகிறது, யார் அனுமதியும் கேட்காமல்.