வம்சமும் வயிறும்

பாலக்கோடு பக்கத்துக் கிராமத் திண்ணை. தட்டில் களி உருண்டை காய்ந்துகொண்டிருக்கிறது. "ஏன் ஆயா சாப்பிடல?" என்றால், "எதுலயும் மனசு ஒட்டல சாமி" என்பார். மகனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. பக்கத்து வீட்டில் தீர்ப்பு தயாராக இருக்கிறது: "அவங்க அம்மாவும் கடைசியில இப்படித்தான். வம்சத்துலயே இருக்கு."

வம்சத்தை அறிவியலும் துருவியது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 26 வயதுக்காரர்கள் 847 பேரை ஆராய்ந்து, 2003-இல் ஒரு முடிவு வந்தது: மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கடத்தும் புரதத்துக்கான மரபணு குட்டை வடிவில் இருப்பவர்கள், வாழ்க்கையில் அடிமேல் அடி விழுந்தால் எளிதில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். பெரும் பரபரப்பு. ஆனால் 2019-இல் பல லட்சம் பேரின் தரவுகளில் உரசிப் பார்த்தபோது, அது உட்படப் பேர்போன 18 மரபணுக்களும் தேறவில்லை. மரபுக்குப் பங்கே இல்லை என்றாகிவிடாது. இரட்டையர் ஆய்வுகள் அந்தப் பங்கை ஏறத்தாழ 37 சதவீதம் என்கின்றன. அது எண்ணற்ற மரபணுக்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது.

இதன் பக்கத்தில் வேலூர் கணியம்பாடி ஒன்றியத்தை வைப்போம். 65 வயது தாண்டிய 1000 பேரிடம் வேலூர் சி.எம்.சி. நடத்திய ஆய்வு 2009-இல் வெளியானது. 12.7 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு. இங்கே மரபணுவை யாரும் தேடவில்லை. பட்டினி கிடந்தீர்களா என்று கேட்டார்கள். கிடந்தவர்களிடம் சோர்வு கூடுதல். குறைந்த வருமானம், சர்க்கரை, இதயநோய், தலைக்காயம், வந்து மறைந்த பக்கவாதம் ஆகியவையும் அப்படியே. மனம்விட்டுப் பேச ஆள் உள்ளவர்களிடம் வெகு குறைவு. (ஆளில்லாமல் சோர்ந்தார்களா, சோர்ந்ததால் ஆள் விலகினார்களா? ஒரேமுறை எடுத்த கணக்கு அதைப் பிரித்துக் காட்டாது.)

26 வயதையும் 65 வயதையும் மோதவிடுவது நியாயமில்லைதான். ஆனால் சங்கதியே அந்த இடைவெளியில் இருக்கிறது. இளவயதில் தொடங்கும் சோர்வில் குடும்ப வழி பளிச்சென்று தெரியும். அறுபதுக்குமேல் முதன்முறை தலைகாட்டுவதில் அது மங்கி, மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சேதம் முன்னுக்கு வருகிறது. ஆகவே ஆயாவிடம் கேட்க வேண்டியது, "உங்க அம்மாவுக்கும் இருந்துச்சா?" என்பதைவிட, "எப்ப இருந்து இப்படி?"

அதை யார் கேட்பது? ஆயாவின் தர்மபுரி மாவட்டத்தோடு 2004 வரை இருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021-இல் தொடங்கியது மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவரும் பெண் இன்னும் பல வாசல் ஏற வேண்டும். களி ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்க, அவர் அரைமணி நேரம் அந்தத் திண்ணையில் உட்கார வேண்டியிருக்கும்.