கீசர் எண்ட சொல்லும் சுடுதண்ணியின் கணக்கும்

ஹார்ட்வெயார் கடையில் "கீசர்" எண்டு கேட்டால், தாங்கியோட இருக்கிற சூடாக்கியைத்தான் காட்டுவினம். தாங்கி இல்லாததுக்கு "இன்ஸ்டன்ட்" எண்டு வேற பெயர். ஆனால் இந்தச் சொல்லின் வரலாறு தலைகீழானது. முதன்முதலில் கீசர் எண்டு பெயர் வாங்கினது தாங்கியே இல்லாத ஒரு சாதனம்.

1868 இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மோன் எண்டவர் அதை உருவாக்கினார். மேலிருந்து வரும் பச்சைத்தண்ணி, கீழே எரியும் காஸ் நெருப்பின் சூட்டை வாங்கிக்கொண்டு நேரே குளியல் தொட்டிக்குள் விழும். ஐஸ்லாந்தில் நிலத்திலிருந்து பீறிட்டு எழும் 'கெய்சிர்' எண்ட வெந்நீரூற்றிலிருந்து பெயர் வந்தது. கேட்ட உடனே சுடுதண்ணி: அந்தக் காலத்துக்கு இது சின்ன விடயம் இல்லை.

ஏனெண்டால் அதுவரைக்கும் சுடுதண்ணி எண்டது ஒரு ஆளின் முதுகுவலி. விக்டோரியா கால இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் குசினியில் தண்ணியைக் கொதிக்க வைத்து, மாடிப்படி வழியாகத் தூக்கிக்கொண்டு போனது வேலைக்காரப் பெண்கள். எங்கட மலையகத்திலும் தோட்டத் துரைமாரின் பங்களாக்களில் விறகு எரித்துத் தண்ணி சுட வைத்தது பங்களா வேலையாட்கள்தான். குளிக்கிறவருக்கு அது சுகம், தூக்கிறவருக்கு அது வேலை.

மோனின் சாதனத்தில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. புகை வெளியே போகக் குழாய் இல்லை. எரிந்த வாயு முழுக்கக் குளியலறைக்குள்ளேயே நிண்டது. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இண்டைக்கும் காஸ் சூடாக்கியைக் காற்றோட்டம் இல்லாத அறையில் பூட்டக்கூடாது எண்டு சொல்லுறதுக்குக் காரணம் இதுதான்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில் நடந்தது. நோர்வேயிலிருந்து பிற்ஸ்பேர்க் நகரத்துக்குப் போன எட்வின் ரூட் எண்ட பொறியியலாளர், 1889 இல் தானாக இயங்கும் தாங்கிச் சூடாக்கியை உருவாக்கினார். தண்ணியை முன்கூட்டியே சுட வைத்துச் சேமிக்கலாம், சூடு குறைந்தால் நெருப்பு தானாக எரியும். சுவாரசியம் என்னெண்டால், ரூட்டின் கம்பனி பிறகு இரண்டு வகையையும் விற்றது. அதாவது தாங்கியைப் பிரபலமாக்கின ஆளே "இதுதான் நல்லது" எண்டு ஒரு பக்கம் நிக்கவில்லை.

ஜேர்மனியில் ஹூகோ யுங்கர்ஸ் மற்றப் பாதையில் போனார். 1895 இல் டெஸ்ஸாவ் நகரத்தில் தொடங்கின அவருடைய கம்பனி, காஸில் இயங்கும் குளியல் சூடாக்கிகளைச் செய்து விற்றது. அந்த வியாபாரத்தில் வந்த காசும், உலோகத் தகட்டில் வேலை செய்த அனுபவமும் சேர்ந்துதான் 1915 இல் முழுக்க உலோகத்தால் ஆன யுங்கர்ஸ் விமானம் பறந்தது. 1932 இல் சூடாக்கித் தொழில் பொஷ் கம்பனியின் கைக்குப் போனது.

ஆக, நூறு வருசத்துக்கு மேலாக இரண்டு வகையும் பக்கத்தில பக்கத்தில வாழுது. ஒண்டு மற்றதைத் தோற்கடிக்கவில்லை. ஏன்? ஏனெண்டால் இரண்டும் வேற வேற கேள்விக்குப் பதில். தாங்கி, சூட்டை முதலே சேர்த்து வைக்குது. தாங்கி இல்லாதது, கேட்ட நேரத்தில் உண்டாக்குது. எனவே ஒரு தொழிலுக்கு எது சரி எண்டு தீர்மானிக்கிறது அந்தத் தொழிலின் 'சன நெரிசல் நேரம்'.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பம். நுவரெலியாவில் ஆறு அறை உள்ள ஒரு விடுதி எண்டு வையுங்கோ. பன்னிரண்டு பேர் தங்கினம். குழாயில் வரும் தண்ணி 16 பாகை, குளிக்கத் தேவை 38 பாகை. ஒருவர் நிமிடத்துக்கு 6 லீற்றர் வீதம் 8 நிமிடம் குளித்தால், எல்லாருக்கும் 576 லீற்றர் வேணும். இதுக்குத் தேவையான சக்தி கிட்டத்தட்ட 15 கிலோவாட் மணி. தாங்கியோ இன்ஸ்டன்டோ, இந்த அடிப்படைக் கணக்கு மாறாது. தாங்கியில் சும்மா இருக்கும்போது கொஞ்சம் சூடு இழக்கும், அவ்வளவுதான்.

மாறுறது வேகம். காலையில் நாலு பேர் ஒரே நேரத்தில் குளித்தால், இன்ஸ்டன்ட் முறையில் அந்த நேரத்தில் 37 கிலோவாட் இழுக்கும். ஒரு வீட்டுக்கு வழக்கமாக எடுக்கிற 30 அம்பியர் இணைப்பு தருறது 7 கிலோவாட்டுக்குள்ள. ஒரு ஆளின் குளியலுக்கே அது போதாது. தாங்கியில் 60 பாகையில் சேமித்தால், பச்சைத்தண்ணியோட சரிபாதி கலக்கலாம். எனவே 300 லீற்றருக்குக் கொஞ்சம் கூடின தாங்கி போதும், 3 கிலோவாட் சூடாக்கி இரவில் ஐந்து மணித்தியாலம் வேலை செய்தால் காரியம் முடியும். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருக்கிற பெரிய ஹோட்டல்களுக்கு இரவு 10.30க்குப் பிறகு மின்சாரம் மலிவு எண்ட லாபமும் உண்டு. 2022 இல போல கரண்ட் போனாலும், சுட்ட தண்ணி தாங்கிக்குள்ள கொஞ்ச நேரம் இருக்கும்.

இப்ப யாழ்ப்பாணத்தில் ஒரு சலூனை எடுப்பம். தலை கழுவ ஒரே ஒரு பேசின். தண்ணி ஏற்கனவே 28 பாகை. நிமிடத்துக்கு 3 லீற்றரை 38க்குக் கொண்டுவர 2 கிலோவாட் அளவு காணும். இங்க பெரிய தாங்கியை நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்கிறது வீண் செலவு. ஒரு சின்ன இன்ஸ்டன்ட் சூடாக்கி போதும்.

தாங்கிக்கும் ஒரு ஆபத்து உண்டு. 1976 இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் மாநாட்டுக்குப் போனவர்கள் மர்மமான நிமோனியாவால் செத்தார்கள். அடுத்த வருசம் காரணமான பக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள், பிறகு அதுக்கு 'லெஜியோனெல்லா' எண்டு பெயர் வைத்தார்கள். அந்தச் சம்பவத்தில் சந்தேகம் விழுந்தது ஏசிப் பக்கம். ஆனால் அதே கிருமி, இளஞ்சூட்டில் தேங்கி நிக்கிற தண்ணியிலும் நல்லா வளரும். கரண்ட் பில்லைக் குறைக்க எண்டு தாங்கியை 45 பாகையில் வைக்கிறது ஆபத்தான சிக்கனம். உள்ளுக்குள்ள 60 பாகை வைக்கவேணும். குழாயில் ஆளைச் சுடாமல் இருக்கக் கலப்பு வால்வும், தாங்கி வெடிக்காமல் இருக்க அழுத்த வால்வும் பூட்டவேணும்.

இதெல்லாம் பொறியியல் மாணவர்களின் கணக்கு எண்டு நினைக்கலாம். எனக்கு இது உழைப்பின் வரலாறாகவும் தெரியுது. கடன் எடுத்து விடுதி திறக்கிறவர் விலையை மட்டும் பார்த்துப் பிழையான சூடாக்கியை வாங்கினால், காலை ஏழு மணிக்குச் சுடுதண்ணி முடியும். விருந்தாளி கத்துவார். முதலாளி குசினியைப் பார்ப்பார். அடுப்பில் தண்ணி கொதிக்க வைத்து, வாளியில் மாடிக்குத் தூக்கிறது அங்க சம்பளத்துக்கு நிக்கிற பிள்ளை. மோனும் ரூட்டும் இல்லாமல் ஆக்கின அதே வேலை, கணக்குப் பிழைச்ச இடத்தில திரும்பவும் ஒரு ஆளின் முதுகில ஏறும்.