தொடக்கநிலை எடைப்பயிற்சி

தொடக்கநிலை எடைப்பயிற்சி என்பது, முன்னர் முறையாக எடை தூக்கிப் பழகாத ஒருவர் தன் தசைகளின் வலிமையையும் பருமனையும் படிப்படியாகக் கூட்டிக்கொள்வதற்காகச் செய்யும் உடற்பயிற்சி ஆகும். டம்பெல், பார்பெல், கப்பி பொருத்திய எந்திரங்கள், மீள்பட்டைகள், சொந்த உடலின் எடை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இதில் தசைக்கு எதிர்விசையாகப் பயன்படுத்தப்படுகிறது. இப்பயிற்சிக்கு வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாட்கள் ஒதுக்க வேண்டும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் வாரத்திற்கு இரண்டு நாட்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 நிமிடங்கள் என்ற அளவே தொடக்கநிலையில் இருப்பவருக்குப் போதுமானது. இக்கட்டுரை அத்தகைய குறைந்த நேரத் திட்டத்தை விளக்குகிறது.

எடைப்பயிற்சி, பளுதூக்குதல் என்னும் ஒலிம்பிக் விளையாட்டிலிருந்து வேறுபட்டது. பளுதூக்குதலில் ஒரே ஒரு முறை மிகுந்த எடையைத் தலைக்கு மேல் தூக்குவதே குறிக்கோள். எடைப்பயிற்சியில் மிதமான எடை பல தடவை தூக்கப்படுகிறது.

வரலாறு

பண்டைய கிரேக்க மற்போர் வீரரான குரோட்டன் நகர மைலோ, ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் சுமந்து, அது காளையாக வளர்ந்த பின்னும் சுமந்தார் என்ற கதை வழங்கி வருகிறது. சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே எடைப்பயிற்சியின் அடிப்படை என்பதற்கு இக்கதை எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

தமிழகத்தில் கர்லாக்கட்டை சுழற்றுதல், தண்டால், பஸ்கி ஆகியவை நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. தென் மாவட்டங்களின் சில ஊர்களில் இளவட்டக்கல் தூக்குதல் ஒரு வீர விளையாட்டாக இருந்து வந்துள்ளது. உருண்டையான அக்கல்லின் எடை மாறாதது. புதியவரும் பழகியவரும் அதே கல்லையே எதிர்கொள்ள வேண்டும். எடைத் தட்டுகளைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் பார்பெல்லின் சிறப்பு இவ்வேறுபாட்டிலேயே விளங்கும்.

இம்முறைக்கு மருத்துவ அடிப்படையை அளித்தவர்களுள் ஒருவர் அமெரிக்க இராணுவ மருத்துவரான தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப் போரின்போது காயமுற்ற வீரர்களுக்கு அவர் எடை தூக்கும் பயிற்சி அளித்து, அதன் பயனை 1945இல் வெளியிட்டார். 1948இல் ஆர்தர் வாட்கின்சுடன் இணைந்து, பத்துத் தடவை தூக்கக்கூடிய எடையை அளவாகக் கொண்டு மூன்று செட்டுகள் செய்யும் முறையை முன்வைத்தார்.

கலைச்சொற்கள்

- தடவை: எடையை ஒரு முறை தூக்கி இறக்குதல். உடற்பயிற்சிக் கூடங்களில் இது ரெப் எனப்படும்.
- செட்: இடைவிடாது செய்யப்படும் தடவைகளின் தொகுதி. எடுத்துக்காட்டாக, 3 × 10 என்பது பத்துத் தடவைகள் கொண்ட மூன்று செட்டுகளைக் குறிக்கும்.
- ஓய்வு: இரு செட்டுகளுக்கு இடையே விடப்படும் நேரம்.
- கூட்டு அசைவு: ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் இயங்கும் பயிற்சி. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் ஆகியவை இவ்வகையின.
- தனி அசைவு: ஒரு மூட்டு மட்டும் இயங்கும் பயிற்சி. முழங்கையை மட்டும் மடக்கும் பைசெப்ஸ் கர்ல் இவ்வகையினது.

குறைந்த நேரம் போதுமானதாக இருப்பதன் காரணங்கள்

முதல் சில வாரங்களில் வலிமை கூடுவதற்குப் பெரும் காரணம் தசை பருப்பது அன்று. நரம்பு மண்டலம் இருக்கும் தசையை நன்கு பயன்படுத்தக் கற்றுக்கொள்வதே ஆகும். மோரிட்டானி, டிவ்ரீஸ் ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டியது. இக்காலத்தில் உடலுக்கு வேண்டியது ஒரே அசைவைச் சரியாகத் திரும்பத் திரும்பச் செய்வதே தவிர, பலவகைப் பயிற்சிகள் அல்ல.

உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வயது வந்தோர் அனைவரும் வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாட்கள் முதன்மைத் தசைத் தொகுதிகள் அனைத்திற்கும் வலிமைப் பயிற்சி செய்ய வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. நடை, ஓட்டம் போன்றவற்றிற்கான வார அளவு இதிலிருந்து தனியானது. 2021இல் வெளியான இவர்சன் குழுவினரின் ஆய்வுத் தொகுப்பு, நேரம் குறைவாக உள்ளவர்கள் ஒவ்வொரு தசைத் தொகுதிக்கும் வாரத்திற்குக் குறைந்தது நான்கு செட்டுகள் செய்ய வேண்டும் எனவும், கூட்டு அசைவுகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் எனவும் கூறுகிறது. அச்செட்டுகள் ஒரே நாளில் செய்யப்படுகின்றனவா, பல நாட்களாகப் பிரிக்கப்படுகின்றனவா என்பது வாரத்தின் மொத்த அளவை விடக் குறைந்த முக்கியத்துவம் உடையது.

நாளுக்கு ஓர் உடற்பகுதி என வாரம் முழுவதையும் பிரிக்கும் திட்டம் உடற்கட்டு வீரர்களிடையே வழக்கில் உள்ளது. தொடக்கநிலையினர் அதனைப் பின்பற்றும்போது ஒரு நாள் தவறினால் ஓர் உடற்பகுதி அவ்வாரம் முழுவதும் விடுபட்டுவிடுகிறது. ஒவ்வொரு நாளும் முழு உடலுக்கும் பயிற்சி அளிக்கும் திட்டத்தில் இக்குறை இல்லை.

இரு நாள் திட்டம்

மனித உடலின் அசைவுகளைக் காலால் எழுதல், தள்ளுதல், இழுத்தல் என மூன்றாகச் சுருக்கலாம். ஒவ்வொரு நாளும் இம்மூன்றிலும் ஒன்று இடம்பெற வேண்டும். இரு நாட்களுக்கு இடையே குறைந்தது ஒரு நாள் இடைவெளி தேவை. எடுத்துக்காட்டாக, செவ்வாய், சனி ஆகிய நாட்களைக் கொள்ளலாம்.

முதல் நாள்:
1. ஸ்குவாட்: 3 × 8–12
2. பெஞ்ச் பிரஸ்: 3 × 8–12
3. குனிந்து டம்பெல்லை இடுப்பு நோக்கி இழுக்கும் ரோ: 3 × 8–12

இரண்டாம் நாள்:
1. இடுப்பை மடக்கித் தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிப்ட்: 3 × 8
2. தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்கும் பிரஸ்: 3 × 8–12
3. கப்பி எந்திரத்தில் மேலிருந்து கீழ் இழுத்தல்: 3 × 8–12

இத்திட்டத்தில் தள்ளும் தசைகளுக்கும் இழுக்கும் தசைகளுக்கும் கால்களுக்கும் வாரத்திற்கு ஆறு செட்டுகள் கிடைக்கின்றன. இது மேற்கூறிய குறைந்த அளவை விட மிகுதி.

நேரக் கணக்கு

ஒரு நாளில் ஒன்பது செட்டுகள் உள்ளன. ஒரு செட்டுக்கு 40 நொடி எனக் கொண்டால் எடை தூக்கும் நேரம் மொத்தம் 6 நிமிடங்களே. ஒவ்வொரு செட்டுக்குப் பின்னும் 2 நிமிட ஓய்வு என்றால் 18 நிமிடங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் குறைந்த எடையில் செய்யும் இரு ஆயத்தச் செட்டுகளுக்கு 9 நிமிடங்கள், தட்டுகளை மாற்ற 5 நிமிடங்கள் எனச் சேர்த்தால் 38 நிமிடங்கள் ஆகும். வாரத்திற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்.

நேரத்தின் பெரும்பகுதி ஓய்விலேயே செல்வதால், நேரத்தைக் குறைக்க விரும்புவோர் அதனையே சீரமைக்க வேண்டும். தள்ளும் பயிற்சியில் ஒரு செட் முடித்தவுடன் இழுக்கும் பயிற்சியில் ஒரு செட் செய்து, பின்னர் 2 நிமிடம் ஓய்வெடுக்கலாம். ஒரு தசை இயங்கும்போது மற்றது ஓய்வில் இருக்கும். இதனால் ஒரு நாளுக்கு 6 நிமிடங்கள் மிச்சமாகும். ஆயத்தச் செட்டுகளை நீக்கி நேரத்தைக் குறைப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை.

எடையைத் தெரிவு செய்தலும் கூட்டலும்

முதல் இரு வாரங்களில் அசைவைப் பழகுவதே நோக்கமாக இருக்க வேண்டும். செட்டின் முடிவில், இன்னும் இரண்டு அல்லது மூன்று தடவை சரியாகச் செய்ய இயலும் என்ற நிலையில் நிறுத்தக்கூடிய எடையே தகுந்த எடையாகும்.

எடையைக் கூட்டுவதற்கு எளிய விதி ஒன்று உண்டு. ஒரே எடையில் எட்டுத் தடவையில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இயன்றால் ஒரு தடவையைக் கூட்ட வேண்டும். மூன்று செட்டுகளிலும் பன்னிரண்டு தடவை முடிந்த பின்னரே எடையைக் கூட்டி, மீண்டும் எட்டுத் தடவைக்குத் திரும்ப வேண்டும். டெட்லிப்ட்டில் மட்டும் மூன்று செட்டுகளிலும் எட்டுத் தடவை சரியாக முடிந்தவுடன் எடையைக் கூட்டலாம்.

இவ்விதியின் தேவையைக் கணக்கு விளக்கும். பார்பெல்லில் இரு பக்கமும் 1.25 கிலோ தட்டைச் சேர்த்தால் 40 கிலோ 42.5 கிலோ ஆகும், இது 6.25% உயர்வு. ஆனால் 5 கிலோ டம்பெல்லிலிருந்து அடுத்த 7.5 கிலோ டம்பெல்லுக்குச் செல்வது 50% உயர்வு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் பரிந்துரைத்த உயர்வு 2–10% மட்டுமே. எனவே டம்பெல் பயன்படுத்துவோர் எடை மாற்றும் முன் தடவைகளை 15 வரையிலும் கூட்டிக்கொள்வது நல்லது.

தேதி, பயிற்சி, எடை, தடவை ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது இன்றியமையாதது. கடந்த முறை செய்தது தெரியாவிடில் இம்முறை எதைக் கூட்டுவது என்பதும் தெரியாது.

வீட்டில் செய்தல்

உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சென்றுவரும் நேரமே பலருக்குத் தடையாக உள்ளது. அத்தகையோர் தள்ளுதலுக்குத் தண்டால் செய்யலாம். தொடக்கத்தில் கைகளை மேசை விளிம்பில் ஊன்றிச் செய்வது எளிது. நூல்களோ நீர்ப் புட்டிகளோ நிரப்பிய முதுகுப் பையை நெஞ்சோடு அணைத்து ஸ்குவாட் செய்யலாம். அதே பையைக் குனிந்து இழுக்கலாம். இரண்டு லிட்டர் நீர் 2 கிலோ எடையுடையது என்பதால் உயர்வைக் கணக்கிடுவது கடினமன்று.

உணவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. எடைப்பயிற்சி செய்வோருக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரை கூடுதல் பயன் கிடைப்பதாக 2018இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கூறுகிறது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 100 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 20 கிராமும் புரதம் உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டுதல் கூடாது.

இடைவெளியும் தொடர்ச்சியும்

வேலைப்பளு, பயணம், நோய் ஆகியவற்றால் வாரங்கள் தவறுவது இயல்பு. 2011இல் பிக்கெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 16 வாரப் பயிற்சிக்குப் பின் வாரத்தில் ஒரே ஒரு நாள், மிகக் குறைந்த செட்டுகளுடன் தொடர்ந்த இளையோர், பெற்ற வலிமையையும் தசையையும் 32 வாரங்கள் தக்கவைத்தனர். முதியோரிடம் வலிமை பெரிதும் நிலைத்தாலும் தசைப் பருமன் குறைந்தது. ஆகவே நெருக்கடியான வாரத்தில் ஒரு நாள் மட்டும் செய்வது, முற்றிலும் விடுவதை விட மிகவும் மேலானது.

தவறிய நாளுக்கு ஈடாக அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்தல் கூடாது. ஒரு வாரம் தவறினால் விட்ட எடையிலேயே தொடரலாம். மூன்று வாரம் அல்லது அதற்கு மேல் தவறினால் எடையை 10–20% குறைத்துத் தொடங்குவது பொதுவான வழக்கம்.

முதியோர்

வயது ஏற ஏறத் தசை குறைவதால், நாற்காலியிலிருந்து எழுதல், படி ஏறுதல் போன்ற அன்றாடச் செயல்களே கடினமாகின்றன. 1990இல் வெளியான ஃபியாட்டரோன் குழுவினரின் ஆய்வில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 90 ஆன பத்துப் பேர் எட்டு வாரப் பயிற்சி மேற்கொண்டனர். அவர்களின் கால் வலிமை சராசரியாக 174% உயர்ந்தது. தொடங்குவதற்கு வயது தடையன்று என்பதற்கு இது சான்றாகும்.

பாதுகாப்பு

- இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும், அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்களும், கருவுற்றவர்களும் முதலில் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.
- எடையைத் தூக்கும்போது மூச்சை வெளிவிடவும், இறக்கும்போது உள்ளிழுக்கவும் வேண்டும். நெடுநேரம் மூச்சை அடக்குவது இரத்த அழுத்தத்தைக் கூட்டும்.
- தனியாகப் பெஞ்ச் பிரஸ் செய்வோர் பாதுகாப்புக் கம்பிகளுக்குள் செய்ய வேண்டும். இல்லையெனில் டம்பெல்லே தகுந்தது.
- பயிற்சிக்குப் பின் ஓரிரு நாட்கள் தசை வலிப்பது இயல்பு. மூட்டில் ஏற்படும் கூர்மையான வலி, நெஞ்சு வலி, தலைச்சுற்றல் ஆகியவை இயல்பானவை அல்ல. உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சு வலி ஏற்பட்டால் தாமதமின்றி மருத்துவ உதவி பெற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- பளுதூக்குதல்
- தண்டால்
- கர்லாக்கட்டை
- இளவட்டக்கல்